ரொட்டிக் காவலரும் படியாளும்

தாராசுரத்துத் தேநீர்க் கடை ஒன்று. விடிந்து சற்று நேரம். தறியில் உட்காருமுன் ஒரு வாய் தேநீர் குடித்துப் போக வந்த நெசவாளர்கள் இருவர். நடவுக்குப் போகிற வழியில் நின்றவர்கள் நாலைந்து பேர். பெஞ்சின் ஓரத்தில் எண்பதைத் தொட்ட பெரியவர் ஒருவர். அவருக்குப் பக்கத்தில், சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படிக்கும் பையன். மடியில் ஆங்கில அகராதி.

பன்னைத் தேநீரில் நனைத்தபடி பெரியவர் கேட்டார்: "என்னத்த தம்பி படிக்கிற?"

"இங்கிலீசு வார்த்தைங்க தாத்தா. 'லோஃப்'னு ஒரு வார்த்தை. அடுப்புல வேகவச்சு எடுத்த முழு ரொட்டின்னு அர்த்தம். அதுலேருந்துதான் 'லார்டு'ங்கற வார்த்தையே வந்துச்சாம். லார்டுன்னா ரொட்டியக் காக்கிறவராம்."

"லார்டுன்னா? நம்ம லாட்டு துரையா?"

"ஆமாந் தாத்தா."

பெரியவர் சிரித்தார். "இதுக்குப் போயி அகராதி எதுக்கு? நான் பண்ணையில மாடு மேய்ச்ச காலத்துலயே எங்கப்பாரு சொல்லுவாரே. அவுரு படியளக்கிறவரு, நாம படியாளுன்னு. அதத்தான வெள்ளக்காரனும் சொல்லியிருக்கான்!"

பன் ஊறுவதற்குள் பெரியவர் சொல்லி முடித்துவிட்டார். மொழி ஆராய்ச்சியாளர்கள் பல நூல்களில் எழுதியதும் இதுதான். ஒரு ரொட்டித் துண்டுக்குள் ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. அதைப் பிட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

மாவும் மண்டையும்

முதலில் நேர்ப்பொருள். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், புளிக்க வைக்கும் ஈஸ்ட். பிசைந்து மூடி வைத்தால் மாவு உப்புகிறது. அதைச் சூளை போன்ற அடுப்பில் வைத்து எடுத்தால், துண்டு போடாத அந்த முழு ரொட்டிக்கு 'லோஃப்' என்று பெயர். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதைப் 'பாண்' என்பார்கள். அது போர்த்துக்கீசியர் கடல் கடந்து கொண்டுவந்த சொல். அவர்களே நல்ல தமிழில் ரொட்டிக் கடைக்கு 'வெதுப்பகம்' என்றும் பெயர் வைத்தார்கள்.

இனி உருவகப் பொருள். லண்டன் நகரின் கிழக்குப் பகுதி உழைப்பாளிகள் எதுகை பார்த்துப் பேசும் வேடிக்கைப் பேச்சில், 'லோஃப்' என்றால் மண்டை. "உன் ரொட்டியைப் பயன்படுத்தடா" என்றால் "மூளையைப் பயன்படுத்தடா" என்று பொருள். நம் ஊரில் ஒருவனைத் திட்டுவதற்கு 'லோஃபர்' என்கிறோமே, அதற்கும் இந்த ரொட்டிக்கும் உறவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் புறப்பட்டு, ஊர் சுற்றுகிறவனுக்கு வைத்த பெயராகப் பரவிய சொல். ஆகவே, ரொட்டி சுடும் தோழர் எவரும் மனம் வருந்த வேண்டாம்!

"ரொட்டியே இல்லாததற்கு அரை ரொட்டி மேல்" என்று ஒரு பழமொழியும் அங்கே உண்டு. 1546இல் ஜான் ஹேவுட் என்பவர் தொகுத்த பழமொழி நூலிலேயே அது இருக்கிறது. அந்த அரை ரொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அரைப்படி நெல்லைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

உழுதவன் பெயர் எங்கே?

பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு 'ஹ்லாஃப்' என்று பெயர். 'வேர்டு' என்றால் காவலன். இரண்டும் சேர்ந்து 'ஹ்லாஃப்வேர்டு' ஆயிற்று, ரொட்டிக் காவலன். அது தேய்ந்து 'ஹ்லாஃபோர்டு' ஆகி, இன்னும் தேய்ந்து 'லார்டு' ஆயிற்று. 'லேடி' என்ற சொல்லும் அந்த வீட்டுப் பெண்தான். ரொட்டி மாவு பிசைகிறவள் என்பது அதன் பொருள். பட்டுடுத்து, வைரம் பூண்டு, பல்லக்கில் போன சீமாட்டியின் பெயருக்குள் மாவு ஒட்டிய கை ஒன்று இருக்கிறது!

சரி, அந்த வீட்டில் வேலை செய்தவனுக்கு என்ன பெயர்? 'ஹ்லாஃப் ஏட்டா', அதாவது ரொட்டி தின்கிறவன். கெண்ட் நாட்டை ஆண்ட எதல்பெர்ட் மன்னன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது. எப்படி வருகிறது தெரியுமா? குடியானவன் ஒருவனுடைய 'ரொட்டி தின்கிறவனை' எவனாவது கொன்றுவிட்டால் 6 ஷில்லிங் கட்டவேண்டும்! அதே சட்டத்தில் சுதந்திரமான மனிதன் ஒருவனுடைய உயிருக்கு விலை 100 ஷில்லிங். நூறுக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த தூரம்தான் ரொட்டியைக் காப்பவனுக்கும் ரொட்டி தின்பவனுக்கும் நடுவே இருந்த தூரம்.

இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவர் காக்கிறார். ஒருவர் பிசைகிறார். ஒருவர் தின்கிறார். கோதுமையை விளைவித்தவர் யார்? நிலத்தை உழுதவர் யார்? விதைத்தவர், அறுத்தவர், அடித்தவர், சுமந்தவர் யார்? வேறு யாருமல்லர். அந்த ரொட்டி தின்கிறவன்தான்! வெயிலில் நின்று விளைவித்தவனுக்கு, விளைவித்தவன் என்று பெயர் கிடைக்கவில்லை. தின்றவன் என்று பெயர் கிடைத்தது. பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டவருக்கோ காவலர் என்ற பட்டம் கிடைத்தது.

காவல் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். யாருக்காகக் காத்தார்? யாரிடமிருந்து காத்தார்? இரண்டும் ஒன்றல்லவே! பசித்தவனுக்காகக் காத்தால் அது களஞ்சியம். பசித்தவனிடமிருந்து காத்தால் அது கோட்டை.

லாட்டு துரையும் ஒரு ராத்தலும்

நம் நாட்டுக்கு வந்த ரொட்டிக் காவலர்கள் எந்த வகை? அதற்கு ஏடு சாட்சி இருக்கிறது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் சேர்ந்து 50 லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அப்போது வைசிராய், லார்டு லிட்டன். பெயருக்கு முன்னால் ரொட்டிக் காவலர்! 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்துக் கொண்டாடினார் அவர். அந்த நேரத்தில் சென்னை மாகாணத்துச் சாலை ஓரங்களில் மக்கள் செத்து விழுந்து கொண்டிருந்தார்கள்.

பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு என்ன கூலி? செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கணக்குப் போட்டார். நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், மேலே ஓர் அணா. அதுவே போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் மனிதன் உயிர் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். பிணங்கள் அவர் பக்கம் சாட்சி சொன்ன பிறகே கூலியை உயர்த்தினார்கள். 'பெரிய லாட்டு' என்று நம் மக்கள் இன்றும் ஏளனமாகச் சொல்கிறார்களே, அந்த ஏளனம் சும்மா வந்ததல்ல.

லாட்டுக்கு முன்னால் வந்தது கும்பினி. அந்தச் சொல்லிலும் ரொட்டி இருக்கிறது! லத்தீன் மொழியில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. 'கோம்' என்றால் கூட. கூட அமர்ந்து ரொட்டி உண்பவன் 'கம்பானியன்'. அப்படி உண்பவர்களின் கூட்டம் 'கம்பெனி'. அது நம் நாவில் கும்பினி. யாழ்ப்பாணத்துப் பாணும் கிழக்கிந்தியக் கும்பினியும் ஒரே லத்தீன் தாயின் வயிற்றுப் பிள்ளைகள். 1799இல் சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சைச் சீமையின் ஆட்சியைக் கையெழுத்து வாங்கிக் கொண்ட அந்தக் கும்பினி, எங்கள் தட்டில் அமர்ந்து எங்கள் ரொட்டியை உண்டது. 'கூட' என்ற சொல்லை மட்டும் லண்டனிலேயே விட்டுவிட்டு வந்தது!

கூட உண்பவன் என்பதற்கு நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? தோழன் என்கிறோமே! தாராசுரத்துப் பெரியவர் பன்னைப் பாதியாகப் பிட்டுப் பையன் கையில் வைத்தார். லத்தீன் படிக்காத அந்தக் கைக்குக் 'கம்பானியன்' என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

படியளந்தவர்கள்

கடல் கடந்து போனது போதும். நம் காவிரிக் கரைக்கு வருவோம்.

தமிழிலும் எசமானுக்குப் பெயர், படியளக்கிறவர். வேலை செய்கிறவனுக்குப் பெயர், படியாள். படி நெல் கூலி வாங்கும் ஆள் என்பது பொருள். ஹ்லாஃப்வேர்டும் ஹ்லாஃப் ஏட்டாவும் வேட்டி கட்டிக்கொண்டு களத்துமேட்டில் நிற்பதுபோல் இல்லையா? அங்கே கோதுமை, இங்கே நெல். அங்கே ரொட்டி, இங்கே படி. மற்றபடி கதை ஒன்று. கலம் கலமாக விளைவித்தவனுக்கு, விளைவித்த கலத்தால் பெயர் இல்லை. 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். மலைபோல் குவிந்த அந்தக் கலங்களில் அவன் மடியில் விழுந்தது சில படி. அந்தப் படிதான் அவன் பெயராயிற்று.

அளப்பதிலும் வித்தை இருந்தது. வாங்குகிற மரக்கால் ஒன்று, கொடுக்கிற மரக்கால் ஒன்று! இங்கிலாந்தில் ரொட்டிக்காரர்கள் எடையில் ஏமாற்றக்கூடாது என்று 1266ஆம் ஆண்டளவில் சட்டம் போட்டார்கள். கோதுமை விலைக்கு ஏற்ப ரொட்டியின் எடை இவ்வளவு என்று விதித்தார்கள். தஞ்சைப் பண்ணையாட்களோ இருபதாம் நூற்றாண்டிலும் முத்திரை குத்திய மரக்காலால் அளந்து கொடு என்று கொடி பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது.

கூலி மட்டுமா? 'ஆண்டே' என்று கும்பிட்டு நிற்கவேண்டும். தவறினால் சாட்டையடி. அதற்கும் மேல் சாணிப்பால். 1943 வாக்கில் பி. சீனிவாச ராவ் தஞ்சைக்கு வந்து சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். களப்பால் குப்பு போன்ற மண்ணின் மைந்தர்கள் உடன் நின்றார்கள். 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாட்டையடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். எண்ணிப் பாருங்கள்! மனிதனை மனிதன் அடிக்கக்கூடாது, சாணம் கரைத்துப் புகட்டக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதவேண்டியிருந்தது. படியளப்பவர் என்ற இனிய சொல்லுக்குப் பின்னால் நின்றது இதுதான்.

1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது துரத்த முடியாது என்றது சட்டம். சட்டத்தைப் பார்த்த மிராசுதாரர்கள் பலர் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற பெயரையே மெல்லக் கைவிட்டார்கள். இனி நீ தினக்கூலி, வேலை இருக்கிற நாளில் வா என்றார்கள். பெயர் மாறியது. பாதுகாப்பு யாருக்காக வந்ததோ அவர்களில் பலர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். சொல்லை மாற்றிச் சுமையை இறக்கிவிடும் வித்தை அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரைப்படி

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. அன்றைய கிழக்குத் தஞ்சை. இன்றைய நாகை மாவட்டம். உழைப்பாளிகள் கேட்டது நெல் கூலியில் உயர்வு. அரைப்படி நெல் போராட்டம் என்றே அது மக்கள் நினைவில் நிற்கிறது. சங்கத்துக் கொடியை இறக்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். அன்றிரவு ஒரு சின்னஞ்சிறு குடிசைக்குள் உயிருக்கு அஞ்சி ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

ரொட்டியே இல்லாததற்கு அரை ரொட்டி மேல் என்றது இங்கிலீஷ்காரன் பழமொழி. அரைப்படி கேட்டதற்கு அரை நிமிடமும் உயிர் மிச்சமில்லாமல் செய்தது இந்த மண்ணின் ரொட்டிக் காவல்.

வழக்கு நடந்தது. கீழ்க்கோர்ட்டு மிராசுதாரர்களைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. உயர்நீதிமன்றத்து நீதிபதிகளை வழக்கறிஞர்கள் அந்நாளில் எப்படி விளிப்பார்கள்? 'மை லார்டு!' என் ரொட்டிக் காவலரே! அந்தச் சொல்லின் பொருளை வெண்மணித் தாய் ஒருத்திக்கு யாராவது விளக்கியிருந்தால், அவள் என்ன சொல்லியிருப்பாள்?

2006இல் இந்திய பார் கவுன்சில் அந்த விளியை விட்டுவிடலாம் என்று விதி செய்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துரு, தம்மை அப்படி அழைக்கவேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக் கொண்டார். சின்ன மாற்றம்தான். ஆனால் சின்னப் பூட்டும் பூட்டுதானே, திறந்தால் கதவு திறக்கத்தானே செய்யும்!

வெண்மணிக்குப் பிறகு 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் ஒரு வரி. அந்த வரிக்கு விலை 44 உயிர்.

பெரிய ரொட்டி, சின்ன ரொட்டி

ரொட்டி தின்கிறவன் வாக்குச் சீட்டைக் கையில் பிடித்தபோது ரொட்டியின் பொருளே மாறியது. இங்கிலாந்தில் 1815 முதல் தானியச் சட்டங்கள் இருந்தன. வெளிநாட்டுத் தானியம் மலிவாக வரவிடாமல், நிலப்பிரபுக்களின் கோதுமைக்கு விலை ஏற்றிக் கொடுத்த சட்டங்கள். மக்கள் போராடினார்கள். 1846இல் அவை ஒழிந்தன. 1906 தேர்தலில் மீண்டும் தானியத்துக்கு வரி என்று பேச்சு எழுந்தபோது, லிபரல் கட்சியினர் நீண்ட சொற்பொழிவு ஆற்றிக் கொண்டிருக்கவில்லை. ஒரு பெரிய ரொட்டியையும் ஒரு சின்ன ரொட்டியையும் படம் போட்டு, எது வேண்டும் என்று கேட்டார்கள். மாபெரும் வெற்றி பெற்றார்கள். 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரத்துக்கே கடிவாளம் விழுந்தது. 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோர் அந்தச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

தமிழகத்திலும் 1967இல் ரொட்டிக்குப் பதில் படி வந்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கத்தை மறந்தவர் யார்? வெற்றிக்குப் பிறகு ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் அளந்து போடப்பட்டது. மூன்று படி வரவில்லையே என்று ஏசியவர்கள் உண்டு. ஏசட்டும். ஒன்றை மட்டும் அவர்கள் கவனிக்கவில்லை. படி, களத்துமேட்டை விட்டுத் தேர்தல் மேடைக்கு ஏறிவிட்டது! அதுவரை படி அளக்கப்பட்டது ஆண்டையின் கருணையால். அன்று முதல் படி கேட்கப்பட்டது குடிமகனின் உரிமையால். 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கிறது என்றால், அது அந்த நீண்ட பாதையில் ஒரு மைல்கல்.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு சொல். கசந்தாலும் சொல்லவேண்டும். ஊரில் கூட்டம் போடுகிறோம், சுவரொட்டி அடிக்கிறோம். 'ஏழைகளுக்குப் படியளக்கும் வள்ளலே' என்று எழுதுகிறோம். கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதும் கை ஒரு நிமிடம் நிற்கட்டும். ரேஷன் கடை அரிசி யார் வீட்டுக் குதிரிலிருந்து வந்தது? வயலில் குனிந்தவர் விளைவித்தது. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுத்தவர் பணத்தில் வாங்கியது. நம் நெல்லை நம் பணத்தில் வாங்கி நமக்கே கொடுப்பவர் நம் ஊழியர். ஊழியரை ரொட்டிக் காவலர் ஆக்கினால், நாம் தாமாகவே ரொட்டி தின்கிறவர்கள் ஆகிவிடுவோம். பண்ணையார் போனார், பண்ணைப் பேச்சு போகவேண்டாமா?

பஞ்சப்படி கொடுத்த பாடம்

ஆலைத் தொழிலாளியே, உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். அதில் 'பஞ்சப்படி' என்று இருக்கும். சர்க்கார் ஊழியருக்கு 'அகவிலைப்படி', 'பயணப்படி'. நெல் அளந்த அந்தப் பழைய படிதான், உருவகமாகி, ரூபாயாகி, உன் சீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. களத்துமேட்டில் படியை அளந்தவர் ஆண்டை. உன் பஞ்சப்படியை அளப்பது விலைவாசிக் கணக்கு. அரிசி விலை ஏறினால் படியும் ஏறவேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த வேறுபாட்டை உண்டாக்கியது எது? சங்கம்!

இந்தப் படி இன்னும் எட்டாத இடங்கள் உண்டு. தாராசுரத்துத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். முதலாளியிடம் பாவும் பட்டும் வாங்கி, வீட்டுக்குள்ளேயே நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நெசவாளிக்குப் பஞ்சப்படி எங்கே? நடவு முடிந்தால் அடுத்த வேலைக்கு வானத்தைப் பார்க்கும் விவசாயத் தொழிலாளிக்கு அகவிலைப்படி எங்கே? அவர்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும் அரிசி விலை ஏறுவதில்லையா? அரை ரொட்டி கிடைத்தால் வாங்கிக்கொள்வோம். வேண்டாம் என்று வீம்பு பேசமாட்டோம். ஆனால் மீதி அரை ரொட்டி யார் அலமாரியில் இருக்கிறது என்று கேட்பதை நிறுத்தமாட்டோம்.

எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது தாராசுரத்துக் கோயில். இரண்டாம் ராஜராஜன் கட்டினான் என்கிறோம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. கல்லில் குதிரை பூட்டிய தேரைக் காண உலகெங்கிருந்தும் வருகிறார்கள். மன்னன் பெயர் நிற்கிறது. உளி பிடித்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அவனுக்குச் சோறு விளைவித்தவன் பெயர் கல்லிலும் இல்லை, சொல்லிலும் இல்லை.

ஆனாலும் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. முதலாளி என்றால் முதலை ஆள்பவர். தொழிலாளி என்றால் தொழிலை ஆள்பவர். இரண்டிலும் ஆட்சி உண்டு! இங்கிலீஷ்காரன் உழைப்பவனை ரொட்டி தின்கிறவன் என்றான். பண்ணைத் தமிழ் அவனைப் படியாள் என்றது. சங்கம் கண்ட தமிழ் அவனைத் தொழிலாளி என்கிறது. படியாள் தொழிலாளி ஆவதற்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் வெண்மணித் தீயும் கடந்து வரவேண்டியிருந்தது. அந்தப் பெயரை இலவசமாகப் பெறவில்லை நாம். இலவசமாக இழக்கவும் கூடாது.

தேநீர்க் கடைப் பையன் பரீட்சை எழுதப் போவான். 'லார்டு' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் ரொட்டிக் காவலன் என்று எழுதட்டும், மதிப்பெண் கிடைக்கும். அந்த ரொட்டியை விளைவித்தவன் யார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும், கூலி பேசும் ஒவ்வொரு களத்துமேட்டிலும், ஒவ்வொரு தறி வீட்டிலும்.